இளஞ்சிறாரைப் பெரியவர்களாக விசாரித்தல்

கொடுங்குற்றம் செய்ததாகப் பிடிபடும் 16 முதல் 18 வயதுக்குட்பட்டவர்களை, வயதுவந்தோருக்குரிய முறையில் விசாரிக்க இந்தியச் சட்டம் இன்று இடம் தருகிறது. இளைஞர் நீதிக் குழுமம் முதலில் ஒரு மதிப்பீடு செய்து, தேவையெனக் கண்டால் வழக்கைக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பும். 2016 ஜனவரி 15 முதல் நடப்பிலுள்ள இந்த ஏற்பாடு, சிறாருக்குத் தனி நீதி வேண்டுமென நாட்டிலேயே முதலில் சட்டம் இயற்றிய சென்னை மாகாணம் போட்ட பாதையிலிருந்து விலகியது.

1887இல் செங்கல்பட்டில் சீர்திருத்தப் பள்ளி தொடங்கப்பட்டபோது, தண்டனை பெற்ற சிறுவர்களுக்குச் சிறைக்கு மாற்றாக ஓர் இடம் கிடைத்தது. விசாரணையையே பிரித்தது 1920ஆம் ஆண்டின் சென்னைச் சிறுவர் சட்டம். வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் அதைப் பின்தொடர்ந்தன. சற்று மூத்த இளைஞர்களுக்காக 1926இல் பார்ஸ்டல் பள்ளிச் சட்டம் வந்தது. 

1986இல் வந்த மத்திய சட்டம் ஆண்களுக்கு 16, பெண்களுக்கு 18 என்று வயது வரம்பு வைத்தது. அதாவது 17 வயதுப் பையன் அப்போது எந்த மதிப்பீடும் இல்லாமலே பெரியவர்களின் நீதிமன்றத்தில் நின்றான். பெரியவர்களாக விசாரிக்க வேண்டும் என்போர் இதைச் சுட்டிக்காட்டுவது நியாயமே. ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை 1992இல் ஏற்ற இந்தியா, 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருபாலருக்கும் 18 என்று மாற்றியது. அதன்படி எவ்வளவு பெரிய குற்றமானாலும் அதிகபட்சம் 3 ஆண்டு சிறப்பு இல்லம்தான்.

2012 பிப்ரவரியில் சென்னையில் 15 வயது மாணவன் ஒருவன் வகுப்பறையிலேயே ஆசிரியையைக் குத்திக் கொன்றது தமிழ்நாட்டை உலுக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் நடந்த டெல்லிக் கூட்டுப் பாலியல் வன்கொடுமை வழக்கில் ஒருவனுக்கு வயது 17. அவனுக்குக் கிடைத்த 3 ஆண்டு தண்டனையை நாடு பொறுக்கவில்லை. ஆயினும் நீதிபதி வர்மா குழு வயதைக் குறைக்க மறுத்தது. தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வும் 2014 மார்ச்சில் சுப்பிரமணியன் சுவாமியின் மனுவைத் தள்ளியது. 2015 டிசம்பர் 20இல் அவன் விடுதலையானான். 22இல் புதிய மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. அந்தக் கோபம் புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் தலைமுறைகளுக்கு நிற்க வேண்டிய சட்டத்தை அந்தச் சூட்டில் முடித்தது தவறு. சென்னை மாணவனுக்கு 15 வயது. புதிய சட்டமும் அவனைத் தொட்டிருக்காது.

மதிப்பீடு என்பது குற்றம் செய்யும் உடல், மனத் திறன், விளைவை உணரும் திறன், சூழ்நிலை ஆகியவற்றைப் பார்ப்பது. பல மாதங்களுக்கு முன் ஒரு நொடியில் சிறுவனின் மனம் எப்படி இருந்தது என்பதைச் சில அமர்வுகளில் எவரால் துல்லியமாகச் சொல்ல முடியும்? உளவியலாளரின் துணையின்றி இது நடக்கக் கூடாதென 2022இல் உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. குறைந்தபட்சம் 7 ஆண்டு தண்டனையுள்ள குற்றங்களே இதற்குள் வரும் என்று 2020இல் அதே நீதிமன்றம் வரையறுத்தது. மரண தண்டனையும், விடுதலைக்கு வழியில்லாத ஆயுள் தண்டனையும் எந்நிலையிலும் கிடையாது.

2025 டிசம்பரில் திருத்தணியில், வடமாநிலத் தொழிலாளி ஒருவரை 17 வயதுப் பையன்கள் நால்வர் அரிவாளால் வெட்டி, அதை ரீல்ஸாகப் பதிவிட்டனர். பெரியவர்களாக விசாரிக்கும் பேச்சு உடனே எழும் வகை வழக்கு இது. ஆனால் கொலை முயற்சிக்குக் குறைந்தபட்ச தண்டனை எதுவும் சட்டத்தில் இல்லை. அந்தக் குற்றச்சாட்டு மட்டும் இருந்தால் மதிப்பீட்டுக்கே வழியில்லை. பிழைப்புக்கு வந்த இடத்தில் வெட்டுப்பட்டவரின் சிகிச்சை, இழப்பீடு, பாதுகாப்பு ஆகியவற்றுக்கு இந்த வயதுத் தகராறு ஒன்றும் செய்வதில்லை.

நால்வருள் மூவர் செங்கல்பட்டுக்கு அனுப்பப்பட்டனர். அங்குள்ள அரசு கூர்நோக்கு இல்லத்தில்தான் 2022 டிசம்பர் 31இல், ரயில்வே பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட 17 வயதுச் சிறுவன் அடிபட்டு இறந்தான். ஊழியர்கள் ஆறு பேர் கைதாயினர். இல்லங்களின் நிலையை ஆராய அமைக்கப்பட்ட, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2023 நவம்பரில் அரசிடம் அறிக்கை அளித்தது.