பதினாறு பிட்டில் அடங்காத எண்

முழு எண்ணுக்கு முடிவே கிடையாது என்று பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார் சொன்னார். கம்ப்யூட்டரில் உண்டு. 16 பிட் ஒதுக்கினால் -32,768 முதல் 32,767 வரைதான். லேபில் டர்போ சி-யோடு மல்லுக்கட்டிய நண்பர்களுக்கு ஞாபகம் இருக்கும்: 32,767-உடன் ஒன்றைக் கூட்டினால் சத்தமில்லாமல் மைனஸ் 32,768 வந்து நிற்கும். சிரித்துவிட்டு ‘இன்ட்’டை ‘லாங்’ ஆக்கிவிடுவோம். அதே எல்லை ஒரு ராக்கெட்டைக் கவிழ்த்த வரலாறு, ஜூனியர் தம்பி தங்கைகளுக்காக.

1996 ஜூன் 4. தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளம். ஐரோப்பாவின் ஏரியன்-5 ராக்கெட்டுக்கு முதல் பயணம். உள்ளே நான்கு கிளஸ்டர் விஞ்ஞானச் செயற்கைக்கோள்கள். 40 வினாடிகூட ஆகவில்லை. சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் தடம் புரண்டு வெடித்தது.

கணித மேதை ழாக் லூயி லியோன்ஸ் தலைமையிலான குழு அடுத்த மாதமே காரணத்தைச் சொல்லிவிட்டது. ராக்கெட்டின் நிலையை அளக்கும் கருவி, கிடைமட்ட வேகம் சார்ந்த ஒரு மதிப்பை 64 பிட் தசம எண்ணிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றப் போனது. அடங்கவில்லை. புரோகிராம் அடா மொழியில் எழுதியது. அது டர்போ சி மாதிரி சும்மா இருக்காது, பிழை என்று கத்தும். கத்தலைக் கவனிக்க அந்த இடத்தில் ஒரு வரி இல்லை. கருவி நின்றுபோனது. மாற்றுக் கருவியிலும் அதே புரோகிராம்தானே? அது முந்தைய 72 மில்லிவினாடிச் சுற்றிலேயே படுத்துவிட்டது! நின்ற கருவி அனுப்பிய பிழைத் தகவலைப் பறக்கும் தகவல் என்று நம்பி, மெயின் கம்ப்யூட்டர் ராக்கெட்டைத் திருப்பியது.

கவனக்குறைவு என்று தள்ளிவிட மனம் வரவில்லை. இந்த மாதிரி ஏழு இடங்களை யோசித்துப் பார்த்து, நான்குக்குப் பாதுகாப்பு வைத்திருந்தார்கள். கருவியின் வேலைப்பளு 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதால், இந்த மதிப்பெல்லாம் அவ்வளவு பெரிதாகாது என்று கணக்குப் போட்டு மூன்றை விட்டார்கள். ஏரியன்-4-க்கு அந்தக் கணக்கு சரி. ஏரியன்-5 தொடக்கத்திலேயே கிடைமட்டமாக அதைவிட வேகமாகப் போகும். புதுப் பாதையை வைத்து அந்தக் கருவியைச் சோதிக்கவில்லை.

இதைவிடக் கொடுமை, அந்தக் கணக்கீடே கிளம்பிய பிறகு எதற்கும் உதவாதது. ஏரியன்-4-ல் கவுன்ட்-டவுன் கடைசி நொடியில் நின்றால் சீக்கிரம் மறுபடி தொடங்க வசதியாக விட்டுவைத்தது. நன்றாக ஓடுகிற புரோகிராமில் ஏன் கை வைக்க வேண்டும் என்று அப்படியே புது ராக்கெட்டில் ஏற்றிவிட்டார்கள். நம்மில் யார்தான் இதைச் சொல்லாதவர்?

ஏரியன்-5 அதன்பின் தேறி, 2023 ஜூலை வரை பறந்தது. கிளஸ்டரை மறுபடி கட்டி 2000-ல் அனுப்பினார்கள். ரஷ்யாவின் சோயூஸ் ராக்கெட்டில்!