வாணியைக் கடத்திப்போன கிரகம்

தமிழ் சினிமாவில் விஞ்ஞானப் புனைவு என்று ஒன்று கிடையாது என்று சொல்லிவிடுவது நமக்குச் சௌகரியமாக இருக்கிறது. இல்லாத ஒன்றைப் பார்க்கவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம். தார்க்கோவ்ஸ்கியின் ‘ஸோலாரிஸ்’ பற்றி மூச்சுவிடாமல் ஒரு மணி நேரம் பேசுகிற நண்பர், ‘கலை அரசி’யின் பெயரைச் சொன்னதும் சிரித்துவிட்டு டீ சொல்கிறார். எனக்கு இந்த ரகப் படங்களின் மேல் சிறு வயது முதலே பைத்தியம் உண்டு. நல்லதும் மட்டமுமாக, அகப்பட்டதையெல்லாம் பார்த்தவன். ஆகவே இது ரசிகனின் கட்சி என்று வைத்துக்கொண்டாலும் ஆட்சேபமில்லை.

‘கலை அரசி’ 1963 ஏப்ரலில் வந்தது. இயக்கம் ஏ. காசிலிங்கம், எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தது. வேற்றுக் கிரகம் ஒன்றில் விஞ்ஞானம் முற்றிக் கனிந்திருக்கிறது. ஆனால் பாட்டு இல்லை, ஆட்டம் இல்லை. அங்கிருந்து நம்பியார் பூமிக்கு வந்து, தேர்ந்த கலைஞர் ஒருவரைத் தேடி, பானுமதி நடிக்கும் வாணியைப் பறக்கும் தட்டில் தூக்கிக்கொண்டு போகிறார். அந்தக் கிரகத்து இளவரசியாக வரும் ராஜசுலோசனாவுக்கு அவள் கலை கற்பிக்க வேண்டும். இந்தப் படம் ஓடி ஏழு மாதம் கழித்து, அதே வருஷம் நவம்பர் 21ஆம் தேதி, தும்பாவிலிருந்து நம் நாட்டின் முதல் ராக்கெட் கிளம்பியது. மீன்பிடிக்கிற கிராமம், மாதா கோயில் கட்டடத்தில் அலுவலகம், அமெரிக்காவிலிருந்து வந்த நைக்-அப்பாச்சி ராக்கெட். நம் சினிமா நம் விண்வெளித் திட்டத்தை முந்திக்கொண்டது. இது பெருமைக்காகச் சொல்வதல்ல. எதற்காக வானத்துக்குப் போவது என்ற கேள்விக்கு, கருவி கைக்கு வருமுன்பே சினிமாக்காரர்கள் ஒரு பதிலை யோசித்திருந்தார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தக் காலத்து அமெரிக்கப் படங்களில் வேற்றுக் கிரகத்தான் பெரும்பாலும் பூமியைப் பிடிக்க வருவான். 1951-இல் வந்த ‘பூமி அசையாமல் நின்ற நாள்’ மாதிரி ஒன்றிரண்டில் புத்தி சொல்ல வருவான். பாட்டு வாத்தியார் தேடி வந்தவன் நம்முடைய ஆள் மட்டும்தான் என்று நினைக்கிறேன். கலையில்லாத பூரண சமூகம் எப்படி இருக்கும், அங்கே கலையைக் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும் என்பது சாமான்யமான கற்பனை அல்ல. 1972-இல் தார்க்கோவ்ஸ்கி விண்வெளி நிலையத்தின் நூலகச் சுவரில் ப்ரூகலின் ஓவியங்களை மாட்டிவைத்ததும் ஏறக்குறைய இதே கேள்வியைக் கேட்கத்தான். மனுஷியல்லாத ஹாரி, பனியில் திரும்பும் வேட்டைக்காரர்களின் படத்தைப் பார்த்துப் பார்த்து மனுஷியாகிக்கொண்டிருக்கிறாள். காசிலிங்கம் தார்க்கோவ்ஸ்கியல்ல, அது எனக்கும் தெரியும். விதை ஒன்று, விழுந்த நிலம் வேறு.

நிலம் என்ன என்பதைத்தான் பார்க்க வேண்டும். வாணி போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் கிரகத்தில் எதுவும் மாறுவதில்லை. முதல் முறையாக ஒரு ராகத்தைக் கேட்கிறவனுக்கு என்ன நேர்கிறது? அழுவானா, பயப்படுவானா, காதைப் பொத்திக்கொள்வானா? படம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. எம்.ஜி.ஆர். தட்டில் ஏறி வந்துவிடுகிறார். அங்கே அவர் சாயலிலேயே ஒரு கோமாளி இருக்கிறான். அவன் இறந்துபோக, இவர் அவனாக நடிக்கிறார். ஆள்மாறாட்டம், அரண்மனைச் சதி, கத்திச் சண்டை. 1951-இல் வந்த ‘பாதாள பைரவி’யில் மந்திரவாதி இளவரசியைத் தூக்கிப் போவான், தோட்டக்காரன் மகன் மீட்டு வருவான். பைரவி இருந்த இடத்தில் பறக்கும் தட்டை வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். எங்கள் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிறவர்கள் மண்கூழைப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றி, உறைந்ததும் எடுத்துக் காயவைத்துச் சூளையில் அடுக்குவார்கள். புது வர்ணம் பூசலாம், பளபளப்பு ஏற்றலாம். பிள்ளையார் அச்சிலிருந்து பிள்ளையார்தான் வரும்.

அச்சு புதிதாகக் கிடைத்த சந்தர்ப்பமும் அதற்கு முன்பு ஒன்று உண்டு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் அமெரிக்கக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 1952-இல் ‘காடு’ எடுத்தார். வில்லியம் பெர்க் இயக்கினார். ராட் கேமரூனும் மேரி வின்ஸரும் இங்கே வந்து நடித்தார்கள். யானைகளை மிரட்டுவது எது என்று தேடிப்போனால், அழிந்துபோனதாக நாம் நினைத்த மாமத யானைகள்! நம் யானைகளுக்கே ரோமம் ஒட்டி நடக்கவிட்டிருந்தார்கள். அந்த யானைகளின் பொறுமையைத் தவிர அதில் சொல்ல அதிகமில்லை.

பிறகு வெகுகாலம் ஒன்றுமில்லை. எண்பதுகளில் தூர்தர்ஷன் ‘ஸ்டார் ட்ரெக்’ காட்டியது. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வும் பின்னர் தொலைக்காட்சித் தொடராயிற்று. 1986-இல் ‘விக்ரம்’. குமுதத்தில் சுஜாதா தொடராக எழுத எழுதப் படமும் தயாராகிக்கொண்டிருந்தது. களவு போன ஏவுகணை, கணினி தெரிந்த ஒரு பெண், சலாமியா என்று ஒரு பொய் ராஜ்யம். வங்கிகளை இயந்திரமயமாக்குவது பற்றி ரங்கராஜன் குழு அறிக்கை தந்து இரண்டு வருஷமே ஆகியிருந்தது. ஊழியர் சங்கங்கள் எதிர்த்துக்கொண்டிருந்தன. கணினி வந்தால் வேலை போய்விடுமோ என்று பேரேடு எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாவுக்கு ஒரு கலவரம் இருந்தது. அவன் கலவரம் திரைக்கு வரவில்லை. திரையில் விளக்குகள் மினுக்கின.

இதையெல்லாம் சொல்லும்போது சினிமாக்காரர்களை மட்டும் குற்றம் சொல்லி நாம் தப்ப முடியாது. இந்த ஊரின் பெயரையே தன் பெயராகக் கொண்ட சொ. விருத்தாசலம், அதாவது புதுமைப்பித்தன், மேரி ஷெல்லியின் ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ நாவலைப் ‘பிரேத மனித’னாகத் தமிழில் தந்துவிட்டுப் போனார். நவீனத்துவம் பேசுகிற நாம் அவருடைய மற்ற எல்லாவற்றுக்கும் வாரிசு கோரினோம். அந்தப் பிரேதத்துக்கு யாரும் உரிமை கொண்டாடவில்லை.

‘எந்திரன்’ (2010) அந்தப் பிரேதத்தின் வம்சம். சுஜாதா வசனம் எழுதிவிட்டு, படம் வருமுன்பே 2008-இல் காலமானார். இரண்டாம் பாதியின் பிரம்மாண்டம் எனக்கு அலுப்பூட்டியது. ஆனால் நடுவில் ஒரு காட்சி இருக்கிறது. குடியிருப்பில் தீ. சிட்டி உள்ளே புகுந்து ஆட்களைத் தூக்கி வருகிறது. குளித்துக்கொண்டிருந்த பெண்ணொருத்தியை அப்படியே, துணியில்லாமல், ஊரும் காமிராக்களும் பார்க்க வெளியே கொண்டுவந்து நிறுத்துகிறது. அவள் கூனிக் குறுகி ஓடுகிறாள். வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். உயிரைக் காப்பாற்றினேனே என்று இயந்திரம் விழிக்கிறது. அதன் கணக்கில் பிழையில்லை. மானம் என்ற ஒரு இலக்கம் அதற்குக் கொடுக்கப்படவில்லை. எந்த மேல்நாட்டுப் படத்தையும் பார்த்து எழுதக்கூடிய காட்சியல்ல இது. அந்தப் பெண்ணைக் கொன்றது இயந்திரமா, சுற்றி நின்ற கண்களா என்று கேட்டிருந்தால் படம் எங்கோ போயிருக்கும். கேட்கவில்லை. இயந்திரத்துக்கு உணர்ச்சி ஊட்ட வேண்டும் என்று முடிவாகிறது. உணர்ச்சி என்றால் தமிழ் சினிமாவில் காதல். காதல் என்றால் கதாநாயகி. கதாநாயகி என்றால் கடத்தல். மறுபடி பாதாள பைரவி.

இதைவிடச் சின்னப் படங்கள் எனக்கு நம்பிக்கை தருகின்றன. ஆர். ரவிக்குமாரின் ‘இன்று நேற்று நாளை’ (2015) படத்தில் எதிர்காலத்திலிருந்து வரும் கால இயந்திரம் இரண்டு வெட்டிப் பையன்கள் கையில் கிடைக்கிறது. அவர்கள் சரித்திரத்தைத் திருத்தப் புறப்படுவதில்லை. ஜோசியத் தொழிலோடு சேர்த்து, காணாமற்போன சாமான்களைக் கண்டுபிடித்துக் கொடுத்துக் காசு பண்ணுகிறார்கள். இதைக் கேலியாக மட்டும் எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. காலத்தை முன்கூட்டிப் பார்க்க இங்கே ஏற்கெனவே ஒரு தொழில் நடந்துகொண்டிருக்கிறது. புது இயந்திரம் வந்தால் அதோடுதான் முதலில் உரசும். அஸ்வின் சரவணனின் ‘கேம் ஓவர்’ (2019) வீடியோ கேம் வடிவமைக்கிற ஒரு பெண்ணின் கதை. இறந்துபோன ஒருத்தியின் சாம்பல் கலந்த மையில் இவள் கையில் பச்சை குத்தப்பட்டிருக்கிறது. விளையாட்டில் கிடைக்கிற மூன்று உயிர்கள் அவள் வாழ்க்கையில் நிஜமாகின்றன. சாம்பலும் விளையாட்டும் ஒரே தோலில் சந்திக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ரவிக்குமாரே 2024-இல் ‘அயலான்’ எடுத்தார். அதில் வேற்றுக் கிரகத்தான் இறங்குவது ஒரு கனிமத்தை மீட்க. பூமியைக் காப்பாற்றவும் செய்கிறான், நல்லவன். பாட்டும் படத்தில் நிறைய இருக்கிறது. வந்தவன் அதைக் கேட்பதற்காக வந்தவனல்ல. நம்பியார் தேடி வந்த சரக்கை அறுபது வருஷமாக யாரும் மறுபடி தேடி வரவில்லை. வாணி அந்த இளவரசிக்கு முதல் பாடத்தில் எந்த ஸ்வரத்தைச் சொல்லிக்கொடுத்தாள், அதைக் கேட்ட முகம் எப்படி மாறியது என்பதிலிருந்து யாராவது ஒரு படத்தை ஆரம்பித்தால், முதல் நாள் முதல் ஆட்டத்துக்கு வரிசையில் நிற்க நான் தயார்.