பள்ளிச்சந்தமும் மாதச் சம்பளமும்

கள்ளக்குறிச்சி வட்டாரம் சமண மரபுக்குப் புதிய மண்ணன்று. திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் 1981-ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தமிழிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சி துறவியர் உறைவதற்குப் பாளி ஒன்றை ஈந்த செய்தியைத் தாங்கி நிற்கிறது. அது சமண முனிவர்க்கு அளித்த கொடை என்பது அறிஞர் பலரின் கருத்து. உளுந்தூர்ப்பேட்டைப் பகுதியில் திருநறுங்கொண்டைக் குன்றின்மேல் அப்பாண்டைநாதர் எழுந்தருளியுள்ளார். சூடாமணி நிகண்டு செய்த மண்டலபுருடரின் ஆசிரியர் குணபத்திரரும் இத்தலத்தோடு இணைத்துப் போற்றப்படுபவர்.

இத்தகைய பள்ளிகள் எதனால் நிலைத்தன? சோழர் காலக் கல்வெட்டுகள் 'பள்ளிச்சந்தம்' என்னும் சொல்லால் விடை கூறுகின்றன. பள்ளிக்கென ஒதுக்கப்பட்ட நிலமே பள்ளிச்சந்தம். அதன் விளைவே விளக்குக்கு நெய்யாகவும் முனிவர்க்கு உணவாகவும் ஆயிற்று. வயல் விளையும்வரை வழிபாடு குன்றாது என்பதே நம் முன்னோர் கண்ட பொருளாதாரம்.

அந்த ஏற்பாட்டைக் காலம் எவ்வாறு மாற்றியது என்பதற்குக் கள்ளக்குறிச்சி நகரே சான்று. தென்னார்க்காட்டு மாவட்டத்தின் வட்டத் தலைநகராக இருந்த இவ்வூர், 1993-இல் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. இருப்புப்பாதை இல்லாத குறையைச் சேலத்திற்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலை ஈடுசெய்தது. கோமுகி அணையின் பாசனமும், மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் எழுந்த கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளும், அரிசி ஆலைகளும் உழவர் கையில் பணம் புழங்கச் செய்தன. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகர மக்கள்தொகை 52 ஆயிரத்தைக் கடந்தது. மாவட்ட அலுவலகங்களும் மருத்துவக் கல்லூரியும் வந்தபின் மாதச் சம்பளம் பெறுவோர் பெருகினர். ஓட்டு வீடுகள் இருந்த இடங்களில் கடைகளும் வாடகைக் குடியிருப்புகளும் எழுந்தன. நெல் மூட்டைகளால் அளக்கப்பட்ட செல்வம் மனைகளின் சதுர அடியால் அளக்கப்படலாயிற்று. விலை உயர உயர, மனை உடையவர் வளம்பெற்றனர். வாடகைக்கு இருந்தவரோ நகரின் விளிம்புக்குத் தள்ளப்பட்டனர்.

மேற்கே நிற்கும் கல்வராயன் மலையிலும் இதே காற்று வீசியது. காஞ்சியிலிருந்து வந்தவர் தம் முன்னோர் என்று கூறும் மலையாளிப் பழங்குடியினர் அங்கு வாழ்கின்றனர். மூன்று ஜாகீர்களாக ஆளப்பட்ட அம்மலை 1976-இல் அரசின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. சாலையும் பள்ளிக்கூடமும் மெல்ல மலையேறின. மக்களோ பிழைப்புத் தேடி மலையிறங்கினர். சாமையும் தினையும் குடும்பத்தைத் தாங்காதபோது, அயல் மாநிலங்களின் கூலி வேலை அவர்களை அழைத்தது.

நம் வரலாறு இவற்றிலிருந்து வேறன்று. செஞ்சி, திண்டிவனம், வந்தவாசி, ஆரணி வட்டாரங்களில் நயினார் குடும்பங்கள் நிலத்தை நம்பி வாழ்ந்தன. 1961-ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பம் வைத்திருக்கத்தக்க நிலத்தை 30 தர ஏக்கராக வரையறுத்தது. 1970-இல் அது 15 ஆகக் குறைந்தது. பாகப்பிரிவினை எஞ்சியதையும் துண்டாக்கியது. கல்வி நமக்கு வேறொரு வாயிலைத் திறந்தது. நீலகேசியை 1936-இல் பதிப்பித்த பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினாரை முன்மாதிரியாகக் கொண்டு எத்தனையோ இளைஞர் ஆசிரியராயினர், அலுவலராயினர். வருமானம் உயர்ந்தது, வாழ்வு சென்னைக்கும் புதுச்சேரிக்கும் விழுப்புரத்திற்கும் பெயர்ந்தது. ஊரில் ஜினாலயம் இருக்கிறது. அதைச் சூழ்ந்திருந்த வீடுகளில் பல பூட்டிக் கிடக்கின்றன.

எண்ணிக்கையும் எண்ணத்தக்கது. தமிழ்நாட்டுச் சமணர் 2001-இல் 83,359 பேர். 2011-இல் 89,265 பேர். மாநில மக்கள்தொகை அப்பத்தாண்டில் 15 விழுக்காட்டுக்கு மேல் வளர, நாம் 7 விழுக்காடே வளர்ந்தோம். இத்தொகையில் வடபுலத்திலிருந்து வந்து வணிகம் செய்யும் சமணரும் அடங்குவர் என்பதை நினைத்தால், தமிழ்ச் சமணர் எத்துணைச் சிறு தொகையினர் என்பது விளங்கும்.

இடம்பெயர்ந்ததைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. நம் பிள்ளைகளின் உயர்வு நம் பெற்றோர் பட்ட பாட்டின் பயன். ஆயினும் நிலத்தின் வருவாய் நகரத்துச் சம்பளமாக மாறியபோது, நிலத்தின் மேலிருந்த கடமையும் உடன் மாறியிருக்க வேண்டும். வயலில் ஒரு பங்கைப் பள்ளிக்கு ஒதுக்கியவரின் வழித்தோன்றல்கள் நாம். மாத வருவாயில் ஒரு சிறு பங்கை நம் ஊர் ஜினாலயத்தின் விளக்குக்கும் பூசைக்கும் ஒதுக்கி, ஆண்டுக்கொரு முறையேனும் பிள்ளைகளை அங்கு அழைத்துச் சென்றால், அதுவே இக்காலத்துப் பள்ளிச்சந்தம். ஊரில் எஞ்சியிருக்கும் முதியவர் ஒருவர் நாள்தோறும் ஏற்றும் விளக்கு, அவருக்குப் பின்னும் எரிய வேண்டும்.

அறம் வளர்க! அருகன் திருவடி வாழ்க!