புதுக்கோட்டை மன்னர் கல்லூரி: தோற்றமும் தொடக்ககாலத் தலைமையும்

புதுக்கோட்டை மாட்சிமை தங்கிய மன்னர் கல்லூரியை, அதன் பெயரை வைத்தே, அரசர் ஒருவர் மனமுவந்து அளித்த கல்விக்கொடை என்று பலரும் கருதுகிறார்கள். கொடை என்பதில் ஐயமில்லை. ஆனால் பள்ளியாக இருந்த நிறுவனம் கல்லூரியான சூழலை ஆராய்ந்தால், அரசருக்கு முன்னால் அமைச்சர் நிற்கிறார். அமைச்சரின் பின்னே ஆட்சியின் அவசரத் தேவை நிற்கிறது. தொடக்ககாலத் தலைமை ஒரே கையில் இருக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1857இல் புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் அரசின் ஆதரவில் அங்கே ஆங்கிலப் பள்ளி ஒன்று தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்ததும் அதே ஆண்டில்தான். அதன் பிறகு தென்னாட்டு ஆங்கிலப் பள்ளிகளுக்கு மெட்ரிகுலேஷன் தேர்வு ஓர் இலக்காயிற்று. கும்பகோணத்தில் 1854இல் தோன்றிய அரசுப் பள்ளி 1867இல் கல்லூரியானது. திருவனந்தபுரத்தில் மன்னரின் இலவசப் பள்ளி 1866இல் கல்லூரி நிலையை எட்டியது. புதுக்கோட்டை அந்த நிலைக்கு வர 1880 ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் இராமச்சந்திர தொண்டைமானின் அரசு கடனில் மூழ்கி, சென்னை அரசின் கண்டனத்துக்கு ஆளாகியிருந்தது. தாமதத்துக்கு அதுவே பெருங்காரணம் என்று கொள்ளலாம்.

நிலைமை மாறியது 1878இல். திருவிதாங்கூரில் திவானாக இருந்து விலகியிருந்த அ. சேஷய்ய சாஸ்திரி அவ்வாண்டு புதுக்கோட்டையின் சிர்க்கேலாக, அதாவது முதன்மை அமைச்சராகப் பொறுப்பேற்றார். பின்னர் இப்பதவியே திவான் எனப்பட்டது. 1828இல் தஞ்சைப் பகுதியில் பிறந்த அவர், சென்னையில் பவல் என்ற ஆசிரியரிடம் பயின்று, ஆங்கிலக் கல்வியின் துணையால் அரசுப் பணியில் உயர்ந்தவர். விளைச்சலைக் களத்தில் பங்கு பிரிக்கும் அமானி முறையை ஒழித்து ரொக்கத் தீர்வையைக் கொண்டுவந்தார். ஊருக்குக் குடிநீர் தரப் புதுக்குளத்தை அமைத்தார். பள்ளியைக் கல்லூரியாக உயர்த்தியதும் இதே ஆண்டுகளில்தான். இவற்றைத் தனித்தனி நற்செயல்களாகப் பிரித்துப் பார்ப்பது சரியன்று. ரொக்கத் தீர்வைக்கு நில அளவையும் பதிவேடும் கணக்கும் வேண்டும். சீரான நீதிமன்றத்துக்குச் சட்டம் படித்தவர்கள் வேண்டும். தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் எப்போதும் ஆட்களை வரவழைத்துக்கொண்டிருக்க முடியாது. சொந்த ஊழியர்களைச் சொந்த ஊரிலேயே உருவாக்கும் வழியாகவே திவான் கல்லூரியைக் கண்டார் என்பது என் துணிபு.

1880இல் கிடைத்தது முழுக் கல்லூரியன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின்கீழ், மெட்ரிகுலேஷனுக்குப் பிந்தைய இரண்டாண்டு எஃப்.ஏ. வகுப்பு வரை நடத்தும் இரண்டாம் நிலைக் கல்லூரிதான். பி.ஏ. படிக்க விரும்பியவர் வெளியூர் போக வேண்டும். 1887இல் திருமயத்தில் பிறந்த, பின்னாளில் காங்கிரஸ் தலைவரான எஸ். சத்தியமூர்த்தி இங்கே படித்துவிட்டுச் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்குப் போனார். இந்த வரம்பை ஒரு குறையாக மட்டும் எண்ண வேண்டியதில்லை. திருமயம், ஆலங்குடி, குளத்தூர் வட்டங்களின் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தின் முதற்படி வீட்டருகே வந்துவிட்டது.

திவான் வகுத்த வழியில் கல்லூரியை நடத்தியவர்கள் முதல்வர்கள். தொடக்ககால முதல்வர்களில் எஸ். நாராயணசாமி ஐயர் குறிப்பிடத்தக்கவர். இசை வேளாளர் குலத்துச் சந்திரம்மாளை மணந்ததால் தம் சுற்றத்தாரின் புறக்கணிப்புக்கு ஆளானவர் அவர். அந்த இணையரின் மகள்தான் 1886இல் பிறந்த முத்துலட்சுமி (பின்னாளில் முத்துலட்சுமி ரெட்டி). மெட்ரிகுலேஷன் தேறிய முத்துலட்சுமி மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு எழுந்தது. பெண் வந்து உட்கார்ந்தால் ஆண் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்றனர் சிலர். தாயின் குலத்தைச் சுட்டியும் பேசினர். அப்போது ஆட்சியில் இருந்தவர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான். 1886இல் சிறுவனாகப் பட்டத்துக்கு வந்து, சேஷய்ய சாஸ்திரியின் பொறுப்பாட்சியில் வளர்ந்து, 1894இல் முழு அதிகாரம் ஏற்றவர். எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அவர் அனுமதி அளித்தார். மூடுவண்டியில் வந்து, திரைக்குப் பின்னால் அமர்ந்து முத்துலட்சுமி படித்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் மருத்துவராக வெளியே வந்தார். அரசரின் தலைமைக்குத் தெளிவான சான்று தேடுவோர் 1880ஐ விட இந்த அனுமதியையே முன்வைக்க வேண்டும். 1880இன் முடிவு திவானுடையது. இந்த அனுமதியோ அரசர் தாமே அளித்தது.

கல்லூரி தன் மாணவர்களை ஒரே அச்சில் வார்க்கவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1920களின் பிற்பகுதியில் சென்னைச் சட்டமன்றத்தில் தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி போராடியபோது, அதை எதிர்த்துப் பேசியவர்களில் சத்தியமூர்த்தியும் ஒருவர். இருவரும் ஒரே கல்லூரியிலிருந்து புறப்பட்டவர்கள். அந்த விவாதத்தில் முத்துலட்சுமியின் பக்கமே நியாயம் இருந்தது. தேவதாசி முறையை ஒழித்த 1947இன் சட்டம் அதை உறுதி செய்தது.

முதல்வர் பதவி வகுப்பறைக்கு வெளியிலும் பயன் தந்தது. கல்லூரி முதல்வராக இருந்த எஸ். இராதாகிருஷ்ண ஐயர் 1916இல் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் பொது வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். தொண்டைமான்களின் வரலாற்றை எழுதுவோர் இன்றும் அந்நூலைத் தாண்டிப் போக முடிவதில்லை. ஆட்சிக்கு ஊழியர்களை உருவாக்கத் தோன்றிய நிறுவனம், ஒரு தலைமுறைக்குள் அந்த ஆட்சியின் வரலாற்றையே எழுதும் தகுதி பெற்றது. எண்ணிப் பார்க்கத்தக்க வளர்ச்சி இது.

1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்தது; கல்லூரி அரசுக் கல்லூரியாயிற்று. 1974இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. இன்று மன்னர் கல்லூரி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின்கீழ் தன்னாட்சிக் கல்லூரியாக இயங்குகிறது.

அதன் தொடக்க வரலாற்றில் திவான்களும் அரசர்களும் முதல்வர்களும் புகழ்பெற்ற மாணவர்களுமே பெரும்பாலும் இடம்பெற்றிருக்கிறார்கள். எஃப்.ஏ. வகுப்பில் படித்துவிட்டுத் தாலுகா அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வேலைக்குப் போனவர்களின் கதை எழுதப்பட வேண்டும். பழைய சான்றிதழ்களையும் கடிதங்களையும் படங்களையும் வீட்டுப் பெட்டிகளில் வைத்திருக்கும் குடும்பத்தார், அவற்றின் படியையாவது கல்லூரி நூலகத்துக்கோ புதுக்கோட்டையிலுள்ள ஞானாலயா ஆய்வு நூலகத்துக்கோ அளித்து உதவ வேண்டுகிறேன்.