தோட்டத்துப் பேய்களும் பேரேட்டுப் பெயர்களும்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் செயின்ட் பிரான்சிஸ்வில் என்று ஒரு சிற்றூர். அங்கே 'மிர்ட்டில்ஸ்' என்ற பழைய பண்ணை வீடு இருக்கிறது. 1796-ல் டேவிட் பிராட்ஃபோர்டு என்பவர் கட்டியது. பகலில் போனால் சரவிளக்கு, மேசை, நாற்காலி எல்லாம் காட்டுவார்கள். பொழுது சாய்ந்த பிறகு போனால் பேய் காட்டுவார்கள். (இரண்டுக்கும் டிக்கெட் உண்டு!)

அங்கே பேர் போன பேய் க்ளோயி. பிராட்ஃபோர்டின் மருமகன் கிளார்க் உட்ரஃப் வீட்டில் இவள் அடிமையாம். ஒட்டுக்கேட்டதற்காக அவர் அவளுடைய காதை அறுத்துவிட்டாராம். அவள் கேக்கில் அரளி இலையைக் கலந்து கொடுக்க, உட்ரஃபின் மனைவியும் இரண்டு குழந்தைகளும் இறந்தார்களாம். பிறகு மற்ற அடிமைகளே அவளைத் தூக்கிலிட்டு ஆற்றில் வீசினார்களாம். இன்றும் காதை மறைக்கப் பச்சைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு உலவுகிறாள் என்று கதை.

அரளி என்றதும் நம் ஊர்க்காரர்கள் சட்டென்று நம்பிவிடுவார்கள். ஆனால் பதிவேடு வேறு சொல்கிறது. அந்தக் காலத்தில் அடிமை என்பது சொத்து. மாடு, கலப்பைக்குப் பக்கத்திலேயே அவர்கள் பெயரையும் விலையையும் எழுதி வைப்பார்கள். தேடியவர்களுக்கு அந்தக் குடும்பத்தின் ஆவணங்களில் க்ளோயி என்ற பெயர் கிடைக்கவில்லை. மனைவி சாரா 1823-லும், குழந்தைகள் 1824-லும் மஞ்சள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவர்கள்.

இதில் உறுத்துவது ஒன்று. கதையில் காதை இழந்தவளே கொலைகாரியும் ஆகிவிட்டாள். துரைக்கு ஒரு தண்டனையும் இல்லை. நிஜமாக அங்கே உழைத்துச் செத்தவர்களுக்கோ, பேயாக வரும் பாக்கியம்கூடக் கிடைக்கவில்லை!

அதே லூசியானாவில் விட்னி பண்ணை 2014 டிசம்பரில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. வேறு இடத்திலிருந்து அடிமைக் குடிசைகளையும் ஒரு பழைய தேவாலயத்தையும் கொண்டுவந்து நிறுத்தி, மறுபடி உருவாக்கிய பண்ணை இது. இங்கே பார்க்க வேண்டியது பெயர்கள். லூசியானாவில் அடிமைகளாக இருந்த 1,07,000 பேரின் பெயர்களைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். அவை பெரும்பாலும் விற்றவரும் வாங்கியவரும் எழுதிய கணக்குகளிலிருந்து வரலாற்றாசிரியர் க்வென்டலின் மிட்லோ ஹால் திரட்டியவை. வியாபாரத்துக்கு எழுதிய கணக்கு, இருநூறு வருடம் கழித்துச் சாட்சி சொல்கிறது.

சரி, லூசியானா நமக்கு எதற்கு? பொம்மிடி ரயில் நிலையத்தில் இறங்குபவர்களுக்குச் சேர்வராயன் மலை தெரியும். அந்த மலைக்கு 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காபியைக் கொண்டுவந்தார் என்பது எல்லோரும் சொல்வது. கலெக்டர் பெயர் நினைவிருக்கிறது. குழி தோண்டியவர் பெயர்?

கடலுக்கு அந்தப் பக்கம் இன்னும் பெரிய கதை. 1830-களிலிருந்து இலங்கையின் காபித் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டம் கூட்டமாகப் போனார்கள். கடலைத் தாண்டி மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடை. காலரா, பசி, காய்ச்சல்... விழுந்தவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். பேய்கள் உண்டு என்றால் அந்தப் பாதையில்தான் இருக்க வேண்டும். 1869-ல் இலைத்துரு நோய் வந்து காபி அழியத் தொடங்க, தேயிலை வந்தது. ஆட்கள் அதே ஆட்கள்தான்.

அங்கே 'துண்டு' என்று ஒரு முறை இருந்தது. கங்காணி தன் ஆட்களோடு தோட்டம் மாறும்போது, அவர்கள் தலையில் உள்ள கடனை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அந்தத் தொகையைக் கொடுக்கும் தோட்டத்துக்கு ஆட்கள் போவார்கள். காமர்ஸ் படிப்பவர்கள் பில்லை எண்டார்ஸ் செய்து கைமாற்றுவதை நினைத்துக்கொள்ளலாம், பில்லின் இடத்தில் மனிதன். இதை 1921-ல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

மலை பங்களாக்களில் வெள்ளைக்காரத் துரை பேயாக அலையும் கதை நிறையப் பேர் கேட்டிருப்பார்கள். கூலிக்காரன் பேய்க்கு யார் டிக்கெட் வாங்குவார்கள்?

ஆனால் கம்பளையில், ஓல்ட் பீக்காக் தோட்டத்தில், 2007-ல் தேயிலைத் தொழிலாளர்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். பழைய லயன் அறைகளிலேயே அமைத்தது. சமையல் பாத்திரம், வேலைக் கருவிகள், பழைய காகிதங்கள் வைத்திருக்கிறார்கள். ஒரு குடும்பம் முழுதும் படுத்து எழுந்த அறை எவ்வளவு பெரியது என்று உள்ளே நின்றே பார்த்துக்கொள்ளலாம்.