வாலறுந்த பெயர்கள்

ஜூன் திங்களில் பள்ளிக்கூடம் திறந்தவுடன் ஆசிரியராகிய நமக்கு வாய்க்கும் முதற்பணி பாடம் புகட்டுவதன்று. பதிவேட்டிலே பெயர் எழுதுவது. அவ்வாறு எழுதிக்கொண்டிருந்த ஒரு காலையில், மயிலாடுதுறையை அடுத்த சிற்றூரிலிருந்து வரும் மாணவன் ஒருவன், கால்பந்தாட்டப் பித்தன், எழுந்து நின்று கேட்டான்: "அழகான கோலுக்குப் புஷ்காஷ் விருது தருகிறார்களே, புஷ்காஷ் என்றால் என்ன பொருள், ஐயா?"

அறிந்ததைச் சொன்னோம். அங்கேரி நாட்டு ஆட்டக்காரர் பெரென்ஸ் புஷ்காஷின் குடும்பப் பெயர் அது. துப்பாக்கிக்காரர் என்பது பொருள். ஆனால் 1927-இல் அவர் பிறந்தபோது அக்குடும்பத்தின் பெயர் புர்செல்ட் என்ற ஜெர்மானியப் பெயர். 1937-இல்தான் புஷ்காஷ் என மாற்றிக்கொண்டார்கள். சொல்லி முடித்தோமோ இல்லையோ, அடுத்த கேள்வி பாய்ந்து வந்தது: "அப்படியானால் நம்முடைய குடும்பப் பெயர் என்ன, ஐயா?" வகுப்பே சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. விடை தெரியாமலன்று, அந்த விடைக்குள் எத்தனை பெரிய போராட்டம் அடங்கியிருக்கிறது என்ற எண்ணத்தால்!

முதலில் அங்கேரியைக் காண்போம். ஐரோப்பியர் பெரும்பாலும் சொந்தப் பெயரை முன்னும் குடும்பப் பெயரைப் பின்னும் வைக்க, அங்கேரியரோ குடும்பப் பெயரை முன்னே நிறுத்துகின்றனர். உலகம் பேலா பார்தோக் என்றழைக்கும் இசைமேதை, தம் நாட்டிலே பார்தோக் பேலா. ஊரையும் தந்தையையும் முன்னெழுத்தாக்கும் நமக்கு இம்முறை அந்நியமன்று. பெயர்களின் பொருளைக் கேட்டாலோ நம் ஊர்க் கடைத்தெருவே நினைவுக்கு வரும். கோவாச் என்றால் கொல்லர். சபோ என்றால் தையற்காரர். மோல்நார் மாவரைப்பவர். தகாச் நெசவாளர். நாட்டிலே மிகுதியாக வழங்கும் பெயர் நாஜ். 'பெரிய' என்பது அதன் பொருள். முன்னோர் எந்த இனத்தார் என்பதைச் சொல்லும் பெயர்களும் உண்டு: குரோவாசியர் வழி வந்தவர் ஹோர்வாத், ஜெர்மானியர் வழி வந்தவர் நேமெத்.

கொல்லர் வீட்டுப் பேரன் இன்று மருத்துவராயிருக்கலாம். நாஜ் என்பவர் நாலடி உயரத்தில் நிற்கலாம். கோவாச் என்ற பெயரைக் கேட்டதும், 'திண்ணைக்கு வெளியே நில்' என்று எவரும் கூறுவதில்லை. தொழிலைச் சொன்ன பெயர் காலப்போக்கிலே வெறும் பெயராகிவிட்டது.

அங்கேயும் யாவும் பாலும் தேனுமாக இருந்ததில்லை. ஊர்ப் பெயரிலிருந்து பிறந்த குடும்பப் பெயர்கள் 'இ' என்னும் ஒலியில் முடியும். அதே ஒலியைப் பழைய முறையில், ஆங்கிலத்தில் 'ஒய்' எனப்படும் எழுத்தால் எழுதினால் பிரபு குலம் என்ற பெருமை! ஒலியில் கடுகளவும் வேறுபாடில்லை, ஓரெழுத்தில் ஒய்யாரம்! 1787-இல் இரண்டாம் ஜோசப் மன்னர், தம் ஆட்சியிலிருந்த யூதர்கள் ஜெர்மானியக் குடும்பப் பெயர் சூடவேண்டுமென ஆணையிட்டார். அடுத்த நூற்றாண்டிலோ, அங்கேரியப் பெயர் சூடுவதே நாட்டுப்பற்று என்றனர். 1881-இல் பெயர் மாற்றக் கட்டணத்தையும் வெகுவாகக் குறைத்தனர். புரட்சிக் கவிஞர் பெத்தோஃபி பிறந்தபோது பெத்ரோவிச். பீட்டரின் மகன் என்ற ஸ்லாவியப் பெயரை அதே பொருளில் அங்கேரியமாக்கிக்கொண்டார். சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற் கலைஞர் ஆனதும், வேதாசலம் மறைமலை ஆனதும் இதே வழியன்றோ!

இனி நம் ஊருக்கு வருவோம். மாயவரம், மாயூரம் என்றெல்லாம் வழங்கி, 1982-இல் மயிலாடுதுறை என்ற பழந்தமிழ்ப் பெயரை மீண்டும் பெற்ற ஊர் இது. இங்கே முன்சீப்பாக அமர்ந்திருந்தவர் வேதநாயகம். 1879-இல் தமிழின் முதல் நாவலை வெளியிட்டவர், பெண்கல்விக்காக எழுதியவர், கிறித்துவர். ஆயினும் 'மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை' என்றே அவரை நாடறியும். ஊர் முன்னே, உத்தியோகம் நடுவே, சாதி பின்னே! அந்த நாவலின் பெயரோ 'பிரதாப முதலியார் சரித்திரம்'. மதம் மாறியும் வால் மாறவில்லை. கற்பனை மாந்தருக்கும் வால் முளைத்தது. அந்தப் பெரியவரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. வாலில்லாத பெயர் அரைப்பெயர் என்று மதித்த காலம் அது.

வால் சூடியவர் கதை இப்படி. சூட இயலாதவர் கதை வேறு. தஞ்சைக் கழனிகளிலே சேற்றோடு சேறாய் உழைத்த பண்ணையாளுக்குப் பட்டம் ஏது? மற்றவன் முனுசாமி என்றால் இவன் முனியன். மற்றவன் குப்புசாமி என்றால் இவன் குப்பன். 'சாமி' என்று இவன் தன் மகனுக்குப் பெயரிட்டால், ஆண்டையே தன் வாயால் சேரிப் பிள்ளையைச் 'சாமி' என்று அழைக்க நேருமே! ஆகவே அதற்குத் தடை. ஓரெழுத்தால் உயர்ந்த அங்கேரியப் பிரபுவுக்கும் ஈரெழுத்து மறுக்கப்பட்ட தஞ்சைப் பண்ணையாளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு: இங்கே மீறினால் முதுகில் சாட்டை விழும்.

எனவேதான், கோவாச் போன்ற பெயர்தானே முதலியாரும் நாயக்கரும் என்று வாதிடுவோர் நமக்கு வியப்பளிக்கின்றனர். கோவாச் என்பது முன்னோர் செய்த தொழிலைச் சொல்கிறது. சாதிப் பட்டமோ, யாரோடு உண்ணலாம், யாரை மணக்கலாம், யார் முன் துண்டைக் கக்கத்தில் இடுக்கவேண்டும் என்று கட்டளையிட்டது. 1927-இன் இறுதியில் பெரியார் தம் பெயரின் பின்னிருந்த நாயக்கரை நீக்கினார். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களை விட்டொழிக்குமாறு தீர்மானித்தது. தலைமை தாங்கிய ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனார் தம் பட்டத்தைத் துறந்தார். சட்டமில்லை, தண்டனையில்லை, வெட்கம் ஒன்றே வேலை செய்தது. இன்று தமிழ்நாட்டில் பதிவேட்டைப் புரட்டினால் முன்னெழுத்தும் பெயரும் மட்டுமே தென்படும். சாதி செத்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. பெயரிலிருந்து விரட்டப்பட்டது, 'தம்பி எந்தத் தெரு?' என்ற கேள்விக்குள் போய் ஒளிந்துகொண்டது.

எஞ்சிய முன்னெழுத்து யாருடையது? தந்தையுடையது. மணமானால் பெண்ணுக்குக் கணவனுடையது. அங்கேரியிலோ பழைய வழக்கப்படி கோவாச் யானோஷின் மனைவி 'கோவாச் யானோஷ்னே' ஆவாள். அவளுடைய சொந்தப் பெயர் முழுவதுமே மறைந்துபோகும்! இன்று அது அங்கே கட்டாயமன்று. தாயின் பெயரை முன்னெழுத்தாகக் கொண்டவர் நம்மிடையே அன்றே இருந்தனர். எம். எஸ். சுப்புலட்சுமியின் 'எஸ்' அன்னை சண்முகவடிவைக் குறிப்பது. ஆனால் அந்த வழக்கம் உரிமையாக மலர்ந்ததன்று; தேவதாசி முறையில், தந்தை பெயர் தர மறுத்ததால் நேர்ந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டிலே, ஊரூராய்க் கொண்டுவந்த நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள், வந்த கோயிலோடும் குடியிருந்த வீட்டோடும் வரிசையாக உள்ளன. ஒவ்வொரு பெயருக்கு முன்னும் 'நக்கன்' என்ற ஒரே அடைமொழி. தந்தை பெயர் இல்லை.

அந்த முறையை எதிர்த்து வீதிக்கு வந்தவர் நம் பக்கத்து ஊர்க்காரர். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், 1936-இல் 'தாசிகள் மோசவலை' நாவலை எழுதியவர். 1938-இல் இந்தி எதிர்ப்புப் படையோடு திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தவர். 1947-இல் பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் வந்தது. அவர் பெயரைப் பாருங்கள்: தந்தையுமில்லை, கணவனுமில்லை, சாதியுமில்லை. ஊர் ஒன்றே!

இவற்றையெல்லாம் ஒரு பாடவேளையில் சொல்லி முடிக்க இயலவில்லை, மணி அடித்துவிட்டது. "நமக்குக் குடும்பப் பெயர் இருந்தது, வேண்டாமென்று வீசிவிட்டோம்" என்று மட்டும் அம்மாணவனிடம் கூறினோம். மறுநாள் அவன் தன் குறிப்பேட்டின் அட்டையில் இரண்டு முன்னெழுத்துகளை எழுதி வந்தான்: தாய்க்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று. நம் பதிவேட்டிலோ ஓரெழுத்துக்கு மட்டுமே கட்டம் போட்டிருந்தார்கள். இரண்டையும் நெருக்கி எழுதினோம்.