மூன்று சைக்கிள், ஒரு தராசு

என்னிடம் மூன்று ரேஸ் சைக்கிள்கள் இருக்கின்றன. ஒன்று, பல்கலைக்கழக நாட்களில் பழசாக வாங்கிய அலுமினிய வண்டி. இரண்டாவது, வேலை கிடைத்தபின் தவணையில் வாங்கிய கார்பன் வண்டி. மூன்றாவது, தனியாக நேரத்தோடு போட்டிபோடும் டைம் டிரையல் வண்டி. நண்பன் ஒருவன் பந்தயத்தை விட்டபோது என் கைக்கு வந்தது. "ஆளு ஒண்ணு, சைக்கிளு மூணா?" என்பது அம்மாவின் நிரந்தரக் கேள்வி.

மூன்றுக்கும் சேர்த்து ஒரு பவர் மீட்டர் வாங்க முடிவு செய்தேன். மிதிக்கும் கால் எத்தனை வாட் திறனைக் கொடுக்கிறது என்று நொடிக்கு நொடி காட்டும் கருவி அது. பாட்டியிடம் விளக்கியபோது அவர் விலையைக் கேட்கவில்லை. "அந்த நம்பர யாரு எழுதிக்குவாங்க?" என்றுதான் கேட்டார். நாற்பது வருடம் பால்மரம் சீவிய மனுஷியின் கேள்வி அது. இந்தக் கருவியின் வரலாற்றை நான் தேடிப்போனது அந்தக் கேள்வியால்தான்.

சிம்பாங் என்றால் சந்தி. ஜொகூர் பாருவிலிருந்து ஆயர் ஹீத்தாம் நோக்கிப் போகும் பழைய கூட்டரசுச் சாலையில், ரெங்கத்துக்குப் பிரியும் சந்திதான் எங்கள் ஊர். இந்தச் சாலையில் வேகத்தை நம்பிப் பயிற்சி செய்ய முடியாது. செம்பனைக் குலை ஏற்றிய லாரி கடந்துபோனால் அதன் பின்காற்றிலேயே வேகம் கூடிவிடும். எதிர்காற்று அடித்தால் உயிரைக் கொடுத்து மிதித்தாலும் முள் நகராது. இதயத்துடிப்பும் அப்படித்தான்: வெயிலுக்கு ஏறும், நேற்றிரவு தூங்காததற்கும் ஏறும். வாட் மட்டும் காற்றையும் வெயிலையும் கேட்பதில்லை. காலின் வேலையை நேராக அளக்கிறது.

அந்த அலகின் பூர்வீகம் ஒரு வியாபாரக் கணக்கு. 1780களில் ஜேம்ஸ் வாட் தன் நீராவி எந்திரங்களை விற்கவேண்டியிருந்தது. வாங்குபவர்களிடம் அப்போது இருந்தவை குதிரைகள். 'இந்த எந்திரம் எத்தனை குதிரைக்குச் சமம்?' என்று சொன்னால்தான் பேரம் நடக்கும். ஆலையைச் சுற்றிவரும் குதிரை ஒன்றை வாட் கணக்கில் எடுத்தார்: 12 அடி ஆரம், மணிக்கு 144 சுற்று, 180 பவுண்டு இழுவிசை. பெருக்கி, முழுமையாக்கி, நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு என்று வைத்தார். நாள் முழுக்க உழைக்கும் சராசரிக் குதிரையால் அவ்வளவு முடியாது. வாட்டின் குதிரை தாராளமானது. எந்திரத்துக்கான ஆண்டு உரிமத்தொகையும் இந்தக் குதிரைக் கணக்கில் வசூலானது. 1882இல் வில்லியம் சீமென்ஸ் திறனின் அலகுக்கு வாட்டின் பெயரையே முன்மொழிந்தார். ஒரு குதிரைத்திறன் இன்று சுமார் 746 வாட். நான் ஒரு மணி நேரம் தாங்கும் 200 வாட், அந்தத் தாராளக் குதிரையில் கால்வாசியைவிடச் சற்றே அதிகம்.

விசை, ஆரம், சுற்று. குதிரைக்கு வாட் போட்ட அதே பெருக்கலைத்தான் பவர் மீட்டரும் போடுகிறது. ஆலைக்குப் பதில் கிராங்க், குதிரைக்குப் பதில் நான். நிமிடத்துக்கு 90 சுற்றில் 200 வாட் என்றால், கிராங்கின் அச்சில் சராசரியாக 21 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை. சுற்றை எண்ணுவது சுலபம். ஓடிக்கொண்டிருக்கும் சைக்கிளில் விசையை எப்படி அளப்பது என்பதுதான் நூறாண்டுச் சிக்கல்.

விடையின் முதல் பாதி 1856இல் கிடைத்தது. பிற்காலத்தில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன், உலோகக் கம்பியை இழுத்தால் அதன் மின்தடை மாறுவதைக் கண்டார். மாற்றம் மிகச் சிறியது. 350 ஓம் கம்பி ஆயிரத்தில் ஒரு பங்கு நீண்டால், தடை ஏறக்குறைய 0.7 ஓம்தான் கூடும். இரண்டாம் பாதிக்கு 1938 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது அமெரிக்காவின் இரு கரைகளிலும் இருவர், ஒருவரை ஒருவர் அறியாமலே, மெல்லிய கம்பியை அளக்கவேண்டிய பொருளின் மேலேயே பசைபோட்டு ஒட்டிவிடலாம் என்று கண்டார்கள். ஒருவர் கால்டெக்கில் எட்வர்ட் சிம்மன்ஸ். மறுமலர்ச்சிக்கால உடையில் பாசடீனா தெருக்களில் நடந்த விசித்திர மனிதர். மற்றவர் எம்.ஐ.டி.யில் ஆர்தர் ரூஜ்; நிலநடுக்கத்தில் தண்ணீர்த் தொட்டிகள் எப்படி அசையும் என்று சிறு மாதிரிகளை வைத்து ஆராய்ந்தவர். இதற்குப் பெரிய வணிகப் பயன் இருக்காது என்று கருதிய எம்.ஐ.டி., உரிமையை ரூஜுக்கே விட்டுக்கொடுத்தது. ஸ்ட்ரெய்ன் கேஜ் என்ற அந்தச் சிறு ஒட்டுத்துண்டு இன்று விமான இறக்கையில் இருக்கிறது, பாலத்தில் இருக்கிறது, மளிகைக்கடை எலெக்ட்ரானிக் தராசுக்குள்ளும் இருக்கிறது. பாரிட் ராஜாவில் படித்தபோது ஆய்வுக்கூடத்தில் ஒரு எஃகுப் பட்டையில் அதை ஒட்டி, விரலால் அழுத்தி, திரையில் எண் நகர்வதைப் பார்த்த நாள் நினைவிருக்கிறது. இரும்பு வளைவது கண்ணுக்குத் தெரியவே இல்லை. எண்ணுக்குத் தெரிந்தது.

1986இல் ஜெர்மானியப் பொறியாளர் உல்ரிஷ் ஷோபெரர் அதைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தார். கிராங்குக்கும் பற்சக்கரத்துக்கும் நடுவில் உள்ள கைகள் போன்ற பகுதியில் கேஜ்களைப் பதித்து எஸ்.ஆர்.எம். என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். தொழில்முறை ஓட்டக்காரர்களில் அதை முதலில் எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர் கிரெக் லெமான்ட். அதற்குமுன் திறனை அளக்க வேண்டுமென்றால் ஆய்வகத்தில் நிற்கும் சைக்கிளில் ஏறவேண்டும். ஷோபெரர் ஆய்வகத்தைச் சாலைக்கு அனுப்பினார். தொண்ணூறுகளின் இறுதியில் பவர்டேப் கேஜைப் பின்சக்கரத்தின் குடத்துக்குள் வைத்தது. 2012இல் ஸ்டேஜஸ் இடது கிராங்கில் மட்டும் ஒட்டி, வரும் எண்ணை இரண்டால் பெருக்கிக் காட்டியது, விலை இறங்கியது. 2013இல் கார்மின் பெடலின் அச்சுக்குள்ளேயே வைத்தது.

இந்த வரலாறு அப்படியே என் கடைப்பட்டியலாகவும் இருந்தது. மூன்று வண்டிக்கு எது பொருந்தும்?

கிராங்கில் வைப்பது உறுதியானது. ஆனால் என் அலுமினிய வண்டியின் அடிச்சட்டத்தில் மரையிட்ட பேரிங், கிராங்க் அச்சு 24 மில்லிமீட்டர். கார்பன் வண்டியில் அழுத்திப் பொருத்தும் பேரிங், அச்சு 30 மில்லிமீட்டர். ஒன்றிலிருந்து கழற்றி மற்றதில் மாட்ட முடியாது. குடத்தில் வைத்தால் சக்கரத்தை மாற்றினால் போதும்; ஆனால் டைம் டிரையலுக்கு மூடிய தட்டுச்சக்கரம் வேண்டும் என்றால் மீட்டர் வீட்டில் தங்கிவிடும். மேலும் சங்கிலியில் உராய்ந்து போனது போக மிச்சத்தைத்தான் குடம் பார்க்கும். இடது கிராங்க் மலிவு. ஆனால் என் வலது காலுக்கு அதில் வாக்குரிமை இல்லை. ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு மலிவு மீட்டர் வாங்கலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். இரண்டு சதவிகிதம் கூடக்குறைய இருக்கலாம் என்று சொல்லும் கருவிகளில் ஒன்று மேலேயும் இன்னொன்று கீழேயும் தவறினால், 200 வாட்டில் 8 வாட் வித்தியாசம். மூன்று மாதப் பயிற்சியில் நான் ஏறுவதே அவ்வளவுதான். ஏறியது நானா, தராசு மாறியதா என்று தெரியாது.

ஆகவே பெடல். எந்த கிராங்கிலும் ஒரே மரை. பத்து நிமிட வேலை. இடது பெடலுக்கு மட்டும் மரை எதிர்ப்பக்கம் என்பதை மறக்கக்கூடாது. மரையில் கொஞ்சம் கிரீஸ், அளவோடு இறுக்கம், பிறகு காலை எடுத்துவிட்டுக் கருவியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது. மூன்று வண்டி, ஒரே தராசு.

தராசு என்றதும் பாட்டி சொன்ன கதையைச் சொல்லியாக வேண்டும். ரப்பர்த் தோட்டத்தில் பாலை வாளியில் கொண்டுவந்து ஸ்டோரில் நிறுத்தால் மட்டும் கணக்கு முடியாது. பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். தோட்டத்துப் பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் உலர்ந்த ரப்பர். அதற்கு மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவி இருந்தது. ரப்பர் தண்ணீரைவிட லேசானது; கெட்டிப் பாலில் கருவி ஆழமாக இறங்கும், நீர்த்த பாலில் மேலே நிற்கும். கழுத்தில் கோடுகள். கோட்டைப் படிப்பவர் கிராணி. எழுதுபவரும் கிராணி. பாட்டிக்கு எழுதப்படிக்கத் தெரியாது.

ஒருநாள் பால் வடிந்துகொண்டிருக்கும்போதே மழை. மங்குகளில் தண்ணீர் விழுந்துவிட்டது. பாலைச் சேர்த்துக் கொண்டுபோனார். கருவி மேலே நின்றது. "தண்ணி ஊத்துனியா?" என்று கேட்டார்கள். அன்றைய கணக்கில் குறைத்தும் எழுதினார்கள். எந்தத் தோட்டம் என்பது இங்கே தேவையில்லை. நான் பொறியாளனாகக் கவனிப்பது இதுதான்: கருவி பொய் சொல்லவில்லை. பால் உண்மையிலேயே நீர்த்திருந்தது. ஆனால் 'நீர்த்திருக்கிறது' என்பது கருவி சொன்னது. 'நீ ஊற்றினாய்' என்பது கருவியைக் கையில் வைத்திருந்தவர் சொன்னது. பாட்டி இந்த இரண்டையும் அன்றே பிரித்துப் பார்த்திருக்கிறார்.

அளப்பவருக்கும் அளக்கப்படுபவருக்கும் நடுவிலிருந்த இந்த உறவில் சைக்கிளுக்கும் ஓர் இடம் உண்டு. 1941இல், ஜொகூருக்கு வடக்கே சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் போன்றோரின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். இந்தியருக்கும் சீனருக்கும் ஒரே கூலி வேண்டும். வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும். பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்த வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். இவற்றோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது: துரையோ மேல் உத்தியோகஸ்தரோ எதிரில் வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை எடுக்க வேண்டும். மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள். படை வந்தது. சுடப்பட்டுத் தொழிலாளர்கள் இறந்தார்கள். நாதன் நாடுகடத்தப்பட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்.

கூலிக் கோரிக்கைகளுக்கு நடுவே சைக்கிள் ஏன் வந்தது என்று முதலில் படித்தபோது எனக்குப் புரியவில்லை. இப்போது கொஞ்சம் புரிகிறது. பெரட்டில் நிற்பதிலிருந்து பால் நிறுப்பது வரை தொழிலாளியின் நாள் முழுக்க இன்னொருவர் கணக்கில் ஓடியது. சைக்கிள் அவன் தன் காசில் வாங்கியது. அதன் வேகம் அவன் காலுடையது. அதிலும் இறங்கு என்பது, மிச்சமிருந்த ஒன்றையும் கேட்பதுதான்.

பெடல் வந்த வாரம் அதைச் சோதித்தேன். முத்திரையிட்ட தராசில் நிறுத்த 20 கிலோ எடையைப் படுக்கைவாக்கில் நிறுத்திய கிராங்கில், பெடல் அச்சிலிருந்து தொங்கவிட்டேன். கருவி 19.8 என்றது. ஒரு சதவிகிதம் குறைவு. சொன்ன வாக்குக்குள் இருந்தது. பாட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து முழுவதும் பார்த்தார்.

தவறு அதற்குப் பிறகு நடந்தது, அதுவும் என்னால். பெடலுக்கு விசை மட்டும்தான் தெரியும், ஆரம் தெரியாது. கிராங்கின் நீளத்தை நாம்தான் சொல்லவேண்டும். என் இரண்டு வண்டிகளில் அது 172.5 மில்லிமீட்டர், டைம் டிரையல் வண்டியில் 165. பெடலை மாற்றினேன், எண்ணை மாற்ற மறந்தேன். மூன்று வாரம் 209 வாட் பார்த்துப் பூரித்துப்போனேன். உண்மையில் அது 200தான். நாலரை சதவிகித முன்னேற்றமும் ஆரத்தில் நேர்ந்த பிழை. வாட்டின் குதிரையைப்போல நானும் தாராளமாகிவிட்டேன்.

அதைப் பாட்டியிடம் சொன்னபோது சிரித்தார். மழை பெய்ததற்குத் தன் கணக்கில் குறைத்தார்கள், பேரனுக்கு மறதிக்குக்கூட ஏற்றிக் கொடுத்திருக்கிறது. ஆனால் பெரிய வித்தியாசம் வேறு. என் எண் தப்பு என்று கண்டுபிடித்ததும் நான், திருத்தியதும் நான். ஒருவரிடமும் கெஞ்சவில்லை. எண்ணுக்கு உடையவன் என்றால் அதன் பிழைக்கும் பொறுப்பேற்று அதைத் திருத்தும் உரிமை உள்ளவன் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். இந்த எண்களை எங்கோ உள்ள ஒரு கணினிக்கும் என் கருவி அனுப்புகிறது. தொழில்முறை அணிகளில் இதே எண்களைப் பார்த்து ஆளை எடுக்கிறார்கள், விடுகிறார்கள். கிராணி முற்றாகப் போய்விட்டார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஞாயிறு காலை ரெங்கம் சாலையில், கோட்டைப் படிப்பவன் நான்.

"மழ பேஞ்சா கொறச்சுக் காட்டுமா?" என்று கேட்டார் பாட்டி.

"காட்டாது பாட்டி. ஆனா எந்த வண்டிக்கு எத்தன நீளம்னு நான் சரியா சொல்லணும்."

"அப்ப அத மொதல்ல வண்டியிலயே எழுதி ஒட்டு."

மூன்று வண்டியின் சட்டத்திலும் வெள்ளை டேப் ஒட்டி எழுதிவிட்டேன்: 172.5, 172.5, 165.